ரீச்சரிடம் கேளுங்கள்: காலுறைக்கு அடியில் ஒரு கடிதம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறும் தின்று, படுக்கவும் மனமில்லாமல், ரிவியில் தமிழ்க் குரல் போட்ட ஓர் அமெரிக்கப் படத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் கவனமாக எழுதியிருப்பேன்.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். ஒரு சின்ன ஊர், இரண்டு பெட்டைகள். ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போவதாகச் சத்தியம். கடைசி வருடம் ஒருத்திக்கு அனுமதிக் கடிதம் வருகிறது, மற்றவளுக்கு இல்லை. கிடைத்தவள் கடிதத்தை அலுமாரியில் காலுறைகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். மற்றவள் கண்டுபிடிக்கிறாள். அழுகை, சண்டை, மழை, சமாதானம். கடைசியில் ஒரு கார் புறப்படுகிறது.

"ஒளித்தவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை" என்று எழுதியிருந்தேன். வினை அங்கேதான் தொடங்கியது. சில கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: அந்தப் படத்தில் ஏதாவது முக்கியமாக நடந்தால் உடனே விளம்பரம் வந்துவிடுகிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா? இந்த மாதிரிப் படங்கள் ஏன் தியேட்டருக்கு வருவதில்லை?
(ஓர் அம்மா, தெஹிவளை)

பிடித்துவிட்டீர்கள். இவை ரிவிக்கென்றே எடுக்கிற படங்கள். தியேட்டரில் காசு கொடுத்து இருக்கிறவன் லேசில் எழும்ப மாட்டான். வீட்டில் அப்படியில்லை. விளம்பரம் வந்தால் கேத்தல் வைக்கப் போவீர்கள், திரும்பி வராமலும் விடலாம். ஆகவே கதையை ஏழெட்டுத் துண்டாக எழுதி, ஒவ்வொரு துண்டின் நுனியிலும் ஒரு கொளுக்கி வைக்கிறார்கள். காலுறைக்கு அடியில் கை போகும், இசை நிற்கும், சவர்க்காரம் வரும். முகத்தைக் கிட்டக் கிட்டக் காட்டுவதும் சின்னத் திரைக்காகத்தான். பெரிய காட்சிகளுக்கு அங்கே இடமும் இல்லை, பணமும் இல்லை.

அமெரிக்காவில் 1960களில் தொடங்கிய வழக்கம் இது. 1969இலிருந்து ஏபிசி நிறுவனம் வாராவாரம் ஒரு புதுப் படம் போட்டது. ஒன்றரை மணித்தியால நேரத்தில் படம் ஏறக்குறைய 75 நிமிடம்தான், மிச்சம் விளம்பரம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1971இல் அப்படி எடுத்ததுதான் 'டூயல்'. ஒரு கார், ஒரு லொறி, இரண்டு கிழமைக்குள் படப்பிடிப்பு முடிந்தது. பிறகு வெளிநாட்டுத் தியேட்டர்களுக்கு அனுப்பும்போது நீளம் போதாமல் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்' 2006இல் ரிவிக்கென்றே வந்தது. இரண்டாம் பாகமும் அப்படித்தான். பிள்ளைகள் பள்ளி முடித்துப் பல்கலைக்கழகம் போகிற மூன்றாம் பாகம் மட்டும் 2008இல் தியேட்டருக்குப் போனது. கம்பஸ் என்றால் அங்கேயும் கொஞ்சம் பெரிய விஷயம் போலிருக்கிறது.

இன்னொரு சங்கதி. அமெரிக்கச் சின்ன ஊர் என்று இந்தப் படங்களில் காட்டுகிற பல தெருக்கள் கனடாவில் இருப்பவை. வரிச் சலுகை உண்டு, கனடா டொலரும் மலிவு. ரொறன்ரோவிலோ வன்கூவரிலோ எடுத்துவிட்டு வாசலில் ஓர் அமெரிக்கக் கொடியைத் தொங்கவிட்டால் சரி. இதை எனக்குச் சொன்னது யார் என்று பிறகு வருகிறேன்.

கேள்வி: கடிதத்தைத் திறக்காமலே அவள் ஏன் சிரித்தாள்?
(ஓ.எல். மாணவி, பம்பலப்பிட்டி)

உறை தடிப்பாக இருந்தது, அதனால்தான். அனுமதி கிடைத்தால் படிவங்கள், விடுதி விபரம், கட்டண விபரம் எல்லாம் சேர்த்துத் தடித்த உறையாக வரும். கிடைக்காவிட்டால் ஒற்றைத் தாள். இப்போது அங்கேயும் முடிவு கம்பியூட்டரில்தான் வருகிறது. ஆனால் படம் எடுக்கிறவர்கள் உறையை விடமாட்டார்கள், அதைத்தானே காலுறைக்கு அடியில் வைக்கலாம்.

கேள்வி: நானும் என் தோழியும் முதலாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படிக்கிறோம். இருவரும் உயிரியல் பிரிவில் ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறோம். அவளுக்கு மருத்துவம்தான் வேண்டும். எனக்கு மிருக வைத்தியத்தில் விருப்பம். ஆனால் அது பேராதனையில் மட்டும்தானாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அவள் போடுகிற ஒழுங்கை அப்படியே நானும் போட்டால் சேர்ந்து இருக்கலாமா? படத்தைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது ரீச்சர்.
(ஒரு மாணவி, கொட்டாஞ்சேனை)

பிள்ளை, படத்தையும் நம் ஊரையும் முதலில் பிரித்து வை. அங்கே ஒரு பிள்ளை பத்து இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வோர் இடமும் தனித்தனியாகப் படிவம் பார்க்கும், கட்டுரை வாசிக்கும், ஆச்சி செத்த கதை எழுதியிருந்தால் அதையும் வாசிக்கும். 'கிடைத்தால் கட்டாயம் வருவேன்' என்று ஒரே ஓர் இடத்துக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்து விண்ணப்பிக்கிற முறையும் உண்டு. பல இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் மே 1க்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆகக் கடைசியில் 'உன்னோடு வரவா, தனியாகப் போகவா' என்று முழிக்கிற வேலை பிள்ளையுடையது. படத்துக்குக் கதை கிடைப்பது அதனால்தான்.

இங்கே உன் ஆச்சியைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. எங்கள் காலத்தில் தாவரவியல், விலங்கியல், பௌதிகம், இரசாயனம் என்று நாலு பாடம், 400க்குப் புள்ளி. இப்போது மூன்று பாடம், இசட் புள்ளி. அதைப் பூதம் மாதிரிப் பார்க்கிறீர்கள், கணக்கு லேசு. ஒரு பாடத்தில் நீ 75 எடுத்தாய் என்று வை. அந்தப் பாடத்தில் எல்லோருடைய சராசரி 45, புள்ளிகள் சிதறிக் கிடக்கிற அளவு, அதுதான் நியம விலகல், 15. எழுபத்தைந்தில் நாற்பத்தைந்தைக் கழித்துப் பதினைந்தால் பிரி, 2 வரும். இன்னொரு பாடத்திலும் அதே 75. ஆனால் அங்கே சராசரி 60, விலகல் 10. இப்போது 1.5தான். லேசான வினாத்தாளில் எடுத்த 75க்கு மரியாதை குறைவு. மூன்று பாடத்துக்கும் இப்படிப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள், நாலு தசமத்துக்கு.

பிறகு இடங்களைப் பங்கிடுவது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடு முழுக்கத் திறமை அடிப்படையில், 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நீங்கள் இருவரும் கொழும்பு மாவட்டம். அப்படியென்றால் மாவட்டப் பங்கில் நீ நிற்கிற அதே வரிசையில்தான் அவளும் நிற்கிறாள். மன்னாரிலும் நுவரெலியாவிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு வேறு வரிசை. பக்கத்துக் கதிரைக்காரிதான் உனக்கு மிகக் கிட்டிய போட்டி. வில்லி ஒருத்தியும் தேவையில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் நீ ஒழுங்காக எழுதுவது கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீடுகளை. மேலிருந்து கீழே வந்து, உன் புள்ளி எதற்கு முதலில் போதுமோ அங்கே நிற்பாட்டும். அந்தக் கம்பியூட்டருக்கு உன் தோழியைத் தெரியாது. அவளைப் பார்த்துக் கொழும்பு மருத்துவத்தை முதலில் போடுகிறாய், அடுத்ததும் மருத்துவம், அதற்கடுத்ததும் மருத்துவம். அவளுக்குக் கொழும்பு கிடைத்து, உனக்கு மூன்றாம் தசமத்தில் குறைந்து யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ விழுந்தால்? தோழியும் இல்லை, மாடும் இல்லை.

மிருக வைத்திய பீடம் நாட்டிலேயே ஒன்றுதான், அது பேராதனையில்தான். கோட்டையில் ரயில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். நாய்க்குட்டி, பூனைக்குட்டி என்று மட்டும் கனவு காணாதே. மாட்டுக்குள் கையைத் தோள்மட்டம் விட்டுப் பார்க்க வேண்டி வரும். அதற்குப் பிறகும் விருப்பம் என்றால் அதை முதலாவதாகப் போடு.

போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அவளிடம் இதைப் பெறுபேறு வருவதற்கு முதல் சொல்லிவிடு. வந்தபிறகு சொன்னால் விருப்பம் என்று அவள் நம்பமாட்டாள், புள்ளி குறைந்ததற்குச் சொல்கிற சாட்டு என்றுதான் நினைப்பாள். அல்லது உனக்குப் புள்ளி கூடியிருந்தால் பரிதாபத்தில் விட்டுக்கொடுத்ததாக நினைப்பாள். அது இன்னும் மோசம்.

கேள்வி: இப்படியான படங்களைப் பார்த்துத்தான் பெண் பிள்ளைகள் வீட்டை விட்டுத் தூர இடத்துக்குப் படிக்கப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். என் மகளைக் கொழும்பை விட்டு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகளுக்கு நீங்களாவது புத்தி சொல்லக் கூடாதா?
(ஒரு தகப்பன், வத்தளை)

ஐயா, மகள் எங்கே போவது என்பதை அந்தப் படம் முடிவு செய்யவில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முடிவு செய்கிறது. புத்தி சொல்வதென்றால் அங்கே எழுதுங்கள். கிழக்கில் ஒலுவில் என்றோ வந்தாறுமூலை என்றோ கடிதம் வந்தால், அவ உங்களிடமிருந்து தப்பி ஓடுகிறா என்று அர்த்தமில்லை. வாளி, நுளம்பு வலை, இரண்டு போத்தல் மிளகாய்த்தூள் வாங்கிக் கொடுங்கள். முதல் கிழமை ஒரு நாளைக்கு நாலு முறை போன் எடுப்பா. மூன்றாம் கிழமை நீங்கள் எடுத்தாலும் தூக்கமாட்டா. சுகமாக இருக்கிறா என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு, பகிடிவதை. அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, குற்றம் நிரூபிக்கப்பட்டால் மறியல்தான். படத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு இதை மகளோடு இருந்து கதையுங்கள். ஏதாவது நடந்தால் முதலில் உங்களிடம் சொல்லலாம் என்ற நினைப்பு அவவுக்கு இருக்க வேண்டும். நீங்கள் இப்போது எழுதியிருக்கிற தொனியில் கேட்டால் சொல்லமாட்டா.

கேள்வி: இதே கதையை நம் பிள்ளைகளை வைத்து, கொழும்பிலேயே தமிழில் எடுத்தால் எப்படி இருக்கும்?
(ஒரு வாசகி, பாமன்கடை)

முதல் சிக்கல், இங்கே கடிதத்தை ஒளிக்க முடியாது. சுட்டெண் தெரிந்தால் போதும், எந்த மாமியும் உன் பெறுபேற்றை இணையத்தில் பார்த்துவிடலாம். நான் படிப்பித்த 31 வருடத்தில், பிள்ளைக்கு முதல் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்த பெறுபேறுகள் எத்தனையோ. ஆகவே ஒளிப்பதை வைத்துக் கதை பின்ன முடியாது, வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.

எனக்கு விட்டால் ரியூசன் முடிகிற நேரத்தில் தொடங்குவேன். வெள்ளவத்தையில் காலி வீதி பஸ் தரிப்பு, பின்னேரம் ஆறரை. இரண்டு பேரும் நிற்கிறார்கள். ஒரு 101 வருகிறது, "சரியான சனம்" என்று விடுகிறார்கள். அடுத்ததில் இடம் இருக்கிறது, அதையும் விடுகிறார்கள். கதை முடிந்தால்தானே ஏறுவது. மூன்றாவதில் ஏறி வீட்டுக்குப் போனால் "ஏன் பிந்தினனீ" என்று கேள்வி, "பஸ் இல்லை" என்று பதில். இந்த ஒரு காட்சிக்கே பத்து நிமிடம் கொடுப்பேன். பிறகு போட்டோ கொப்பிக் கடை. பழைய வினாத்தாள் ஒரு கட்டு, காசைப் பாதி பாதியாகப் போட்டு ஒரு கட்டுத்தான் அடிக்கிறார்கள், ஞாயிறிலிருந்து புதன் வரை ஒருத்தியிடம், மிச்சம் மற்றவளிடம்.

பெறுபேறு வருகிற இரவுதான் நடு இடம். நடுச்சாமம், வீட்டில் எல்லோரும் முழிப்பு, இணையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருத்திக்குத் தன்னுடையதும் தோழியுடையதுமாக இரண்டு சுட்டெண்ணும் பாடம். எந்த எண்ணை முதலில் அடிக்கிறாள்? கமரா விரலைக் காட்டக் கூடாது, முகத்தைத்தான் காட்ட வேண்டும். விளம்பரக்காரர் வேண்டுமென்றால் தன் சவர்க்காரத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளட்டும், ஒருவரும் கேத்தல் வைக்கப் போகமாட்டார்கள்.

அதற்குப் பிறகு, படத்தின் பாதியாவது காத்திருப்பாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பிள்ளைக்கு வசந்தத்தில் முடிவு வந்தால் அதே வருடக் கடைசிக்குள் விடுதியில் கட்டில் போட்டாகிவிடும். இங்கே சோதனை, பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று ஒரு வருடத்துக்கு மேலே இழுபடும். அந்த நேரத்தில் ஒருத்தி பம்பலப்பிட்டியில் கம்பியூட்டர் கோர்ஸ், மற்றவள் வீட்டு முன்னறையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு. ஒரு வீட்டில் லண்டன் சித்தி போன் எடுத்து "இஞ்ச அனுப்பு" என்கிறா. மற்ற வீட்டுக்குச் சாதகக் குறிப்பு கேட்டு ஆள் வருகிறது. சண்டை ஒன்றும் கிடையாது. ஆனால் பஸ் தரிப்பில் விட்ட பஸ்கள் மூன்றிலிருந்து ஒன்றாகி, பிறகு முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுகிறார்கள்.

யாராவது எடுத்தால் சொல்லுங்கள். சம்பளம் வேண்டாம், கேத்தலோடு வந்து பார்க்கிறேன்.

கேள்வி: தோழியை ஏமாற்றிக் கடிதத்தை ஒளித்தவள் மேல் கோபம் வரவில்லை என்று எழுதினீர்கள். ரீச்சராக இருந்த நீங்கள் பொய்யை நியாயப்படுத்தலாமா?
(ஒரு வாசகர், மட்டக்குளி)

நியாயப்படுத்தவில்லை. எனக்கு அவளைத் தெரியும், அவ்வளவுதான்.

1983 ஜூலையில் நான் ஏ.எல். வகுப்பு. தோழியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. பேராதனைக்குப் போவது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். காரணம் படிப்பல்ல, அவளுடைய அண்ணன் காட்டிய ஒரு போட்டோ, மகாவலிக்குக் குறுக்கே ஒரு தொங்குபாலம். கலவரத்தில் அவர்களுடைய வீடு எரிந்தது. எங்களுடையது தப்பியது. அவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்துவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். வழியனுப்புகிற காட்சி ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியவந்தபோது கப்பல் போய்விட்டது. அவளுடைய பௌதிகக் கொப்பி மட்டும் என்னிடம் இருந்தது, வெள்ளிக்கிழமை இரவல் வாங்கியது.

அந்தக் கொப்பியை வைத்துத்தான் நான் படித்தேன். என்னைவிட அவளுக்குப் பௌதிகம் வரும். எனக்குப் பேராதனை கிடைத்தது, அவளுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

அவளுக்கு எழுதினேன், மாதம் ஒன்று. அம்மாவின் முட்டுவலி, யார் யாருக்குக் கலியாணம், பாண் விலை. கம்பஸ் பற்றி ஒரு சொல் இல்லை. விடுதியில் இருந்து எழுதிய கடிதங்களைக் கொழும்புக்கு வருகிற நாள் வரை பைக்குள் வைத்திருந்து வெள்ளவத்தையில் தபாலில் போட்டேன். முத்திரைக்கு மேல் பேராதனை என்று குத்து விழுந்துவிடக் கூடாதே. இரண்டு வருடத்துக்கு மேல் இப்படி. காலுறை ஒரு நாள் வேலை, ஐயா.

1989இல் ரொறன்ரோவிலிருந்து அவளுடைய எயார் லெற்றர் ஒன்று வந்தது. குளிர், அண்ணனின் வேலை, அரிசி கிடைக்கிற கடை என்று எல்லாம் எழுதி, ஓரத்தில் இடம் போதாமல் குறுக்காக ஒரு வரி: "ஹந்தானையில் விடியப்புறம் பனி இறங்குமாமே, நீ பார்த்திருப்பாய்." ஹந்தானை, பேராதனைக் கம்பஸுக்கு மேலே நிற்கிற மலை. யார் சொன்னது, எப்போது தெரிந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

சமாதான காலத்தில், 2003இல், வந்தாள். கொப்பியைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அவளுடைய மையெழுத்துக்குப் பக்கத்தில் என் பென்சில் குறிப்புகள். ஓர் இடத்தில் விரலை வைத்து, "இது பிழை, எப்படிப் பாஸ் பண்ணினனீ?" என்றாள்.

இப்போது ஞாயிறு இரவுகளில் ஸ்காபரோவிலிருந்து போன் எடுப்பாள். அமெரிக்கப் படத் தெருக்கள் கனடாவில் இருப்பவை என்று சொன்னவள் அவள்தான். இந்தப் படத்தைப் பற்றி நான் சொன்னதும் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடம் தன் வீட்டிலிருந்து நாலு பஸ் தரிப்புத்தானாம். சத்தியம் பண்ணுகிறாள்.

"அந்தக் கடிதத்தை ஒளிக்கிற பெட்டையைப் பார்க்க உன்ர ஞாபகம்தான்" என்றாள்.

"எனக்கு எங்க அவ்வளவு தலைமயிர்?" என்றேன்.

"ஓம், உனக்குக் கம்பஸ் போகவே கொட்டத் தொடங்கியிருக்கும்" என்றாள்.